நாஜி ஜெர்மனியின் மருத்துவமனைக் கொலைகளை நர்சிங் மாணவர்களுக்கு எப்படிப் பாடமாக எடுப்பது?

மலர்விழி_டியூட்டர் கேட்டது:

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு, மனநல நர்சிங் பாடம். 60 பேர். ஒன்றரை மணி நேர வகுப்பு இரண்டு இதற்காக ஒதுக்கியாகிவிட்டது. மருத்துவத் துறையே கொடுமைக்குக் கை கொடுத்த வரலாற்றை அதற்குள் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் நூரம்பர்க் நெறிமுறை (மனிதர்மேல் நடத்தும் மருத்துவச் சோதனைகளுக்கான விதிகள்) ஒரு பத்தியாக வருகிறது. பத்து அம்சத்தையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆஷ்விட்ஸ் வதைமுகாம், அங்கே கைதிகள்மேல் சோதனை நடத்திய மருத்துவர் மெங்கெலே என்று தொடங்கினாலோ பேய்க்கதை கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். ‘அவன் மிருகம்’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

மூன்று மணி நேரத்துக்கு எந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்? படங்கள் காட்டலாமா? மாணவர்களை வகுப்பில் என்ன செய்யச் சொல்லலாம்? ‘மேலிடத்து உத்தரவு, மறுத்திருந்தால் இவர்களையும் கொன்றிருப்பார்களே’ என்று யாராவது கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

கதிரேசன்_செவிலியக்கல்வி:

மேடம், மெங்கெலேயை முதல் வகுப்பில் தொடவே வேண்டாம். வெறுத்து ஒதுக்குவதற்கு வசதியான ஆள் அவர். ஒதுக்கிய பிறகு யோசிக்க எதுவும் மிஞ்சாது. மனநல நிலையங்களில் இருந்த நோயாளிகளைக் கொன்ற ‘டி4’ நடவடிக்கையை எடுங்கள். அது முழுக்க மருத்துவமனை வேலைகளாலேயே ஓடியது. படிவம் நிரப்புவது, நோயாளியை வேறு இடத்துக்கு அனுப்புவது, உடை மாற்றிவிடுவது, மருந்து கொடுப்பது, இறப்புச் சான்று எழுதுவது. இவற்றில் பலவும் நம் பிள்ளைகள் இன்னும் இரண்டு வருடத்தில் செய்யப்போகிற வேலைகள்தான்.

பின்னணிக்கு 15 நிமிடம் போதும். 1939 அக்டோபரில் ஹிட்லர் தன் சொந்தக் கடிதத்தாளில் சில வரிகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். தேதியை மட்டும் போர் தொடங்கிய செப்டம்பர் 1 என்று முன்தேதியிட்டார்கள். ‘தீராத நோயாளி’ என்று முடிவாகிறவர்களுக்குக் ‘கருணைச் சாவு’ கொடுக்க மருத்துவர்களுக்கு அதிகாரம் வழங்கலாம் என்று பிலிப் பூலர் என்ற அதிகாரிக்கும் கார்ல் பிராண்ட் என்ற மருத்துவருக்கும் அதில் எழுதியிருந்தது. அது சட்டம் இல்லை. எந்த மருத்துவரையும் கட்டாயப்படுத்தும் உத்தரவும் இல்லை, வெறும் அனுமதி. இந்த வேறுபாட்டை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெர்லினில் டியர்கார்டன் தெரு 4-ஆம் எண் வீட்டில் அலுவலகம் இருந்ததால் டி4 என்ற பெயர் வந்தது. கிராஃபெனெக், பிராண்டன்பர்க், ஹார்ட்ஹைம், சோனன்ஸ்டைன், பெர்ன்பர்க், ஹாடமார் ஆகிய ஆறு இடங்களில் கார்பன் மோனாக்சைடு அறைகள் அமைத்தார்கள். 1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்ட் வரை கொல்லப்பட்டவர்கள் 70,273 பேர். அவர்களே எழுதி வைத்த கணக்கு இது. வாயுக் குழாயை மருத்துவர்தான் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அடுத்த 40 நிமிடமும் அந்தப் படிவத்துக்கு. மனநல நிலையங்களுக்கு பெர்லினிலிருந்து அனுப்பப்பட்ட ஒரே ஒரு தாள் அது. அதைத் தமிழில் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, ‘இனம்’, எத்தனை வருடமாக நிலையத்தில் இருக்கிறார், பார்க்க யாராவது வழக்கமாக வருகிறார்களா, வந்தால் அவர் முகவரி, செலவை யார் கட்டுகிறார்கள், நோயின் பெயர், முக்கிய அறிகுறிகள், என்ன வேலை செய்கிறார், வீட்டுக்கு அனுப்ப வாய்ப்பு உண்டா. இடது பக்க அடியில் கறுப்புக் கோடு கட்டிய ஒரு காலிப் பெட்டி. அதில் எதுவும் எழுத வேண்டாம் என்பது நிலையத்துக்குச் சொல்லப்பட்டது.

பத்து நிமிடம் பேசாமல் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்றே கேள்வி. நம் வார்டு கேஸ் ஷீட்டிலும் இருக்கிற விவரங்கள் எவை? அநேகமாக எல்லாமே என்று சொல்வார்கள். சிகிச்சைக்குத் தேவையே இல்லாத விவரம் எது? இங்கேதான் வகுப்பு மெல்ல நிமிர்ந்து உட்காரும். ‘பார்க்க யார் வருகிறார்கள்’ என்ற கேள்வி எதற்கு என்று ஒருவர் கேட்பார். நீங்கள் விடை சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். தேடி வர ஆளில்லாதவர் காணாமல் போனால் கேட்க ஆளில்லை. மூன்றாவது கேள்வி, இந்தத் தாளில் இல்லாதது என்ன? நோயாளியின் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. இந்தத் தாளை வைத்து முடிவெடுத்த நிபுணர்கள் யாரும் அவரை நேரில் பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு பெட்டியில் என்ன எழுதினார்கள் என்று காட்டுங்கள். ஒவ்வொரு படிவத்தின் நகலும் மூன்று நிபுணர்களுக்குப் போகும். கொல்லலாம் என்றால் சிவப்புப் பென்சிலில் கூட்டல் குறி, வாழட்டும் என்றால் நீலத்தில் கழித்தல் குறி. மேலே ஒரு தலைமை நிபுணர் முடிவு செய்வார். எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி: மாதம் 500 படிவம் வரை 100 ரைக்ஸ்மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்), 3,500-ஐத் தாண்டினால் 400. எக்ல்ஃபிங்-ஹார் நிலையத்தின் இயக்குநர் ஹெர்மான் ஃபான்முல்லர் 1940 நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் தேதிக்குள் பார்த்து முடித்தவை 2,000-க்கும் மேல். நாளைக்கு நூறு என்று மாணவர்களையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் வேறு எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் ஒரு உயிருக்கு ஐந்து நிமிடம்கூட வராது. அவருக்கோ நடத்துவதற்கு ஒரு மருத்துவமனையும் இருந்தது. அந்தக் கணக்கை அவர்கள் கையால் போடுவதும் நீங்கள் போர்டில் எழுதுவதும் ஒன்றல்ல.

ஒரு எச்சரிக்கை. மாணவர்களை நிபுணர் வேடம் போடவைத்து, நாலு கற்பனை நோயாளிகளைக் கொடுத்து, குறி போடச் சொல்லிவிடாதீர்கள். சில இடங்களில் நல்ல எண்ணத்தோடுதான் இதைச் செய்கிறார்கள், ஆனால் பாடம் தலைகீழாகிவிடும். ‘யாரைக் காப்பாற்றுவது’ என்ற விளையாட்டாக அது மாறி, சிலரைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்ற நாஜி வாதத்தையே பயிற்சியாகக் கொடுத்துவிடுகிறது. சிரிப்பும் வந்துவிடும், வந்த பிறகு வகுப்பைத் திருப்ப முடியாது.

மீதி 35 நிமிடத்துக்கு, வேடம் இல்லாத குழு வேலை. ஆறு ஆறு பேராகப் பத்துக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் சங்கிலியின் ஒரு கண்ணி: படிவம் நிரப்பிய நிலைய மருத்துவர், பெர்லினில் தட்டச்சு செய்தவர், நிபுணர், பயணப் பட்டியல் போட்டவர், பயணத்துக்குத் தயார் செய்த வார்டு செவிலியர், சாம்பல் நிறப் பேருந்தின் ஓட்டுநர், கொலை நிலையத்துக்கு அனுப்புமுன் நோயாளிகளை வைத்திருந்த இடைநிலை நிலையத்தின் செவிலியர், கொலை நிலையத்தில் உடை களைய உதவியவர், குழாயைத் திறந்த மருத்துவர், பொய்யான காரணத்தை இறப்புச் சான்றில் எழுதிய எழுத்தர். ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருந்தது, எந்தக் கட்டத்தில் தெரிந்திருக்கும், அந்த இடத்தில் செய்யக்கூடிய மிகச் சிறிய மறுப்பு என்ன என்று எழுதட்டும்.

வார்டு செவிலியர் குழுவுக்கு ஒரு விவரம் கூடுதலாகக் கொடுங்கள். பேருந்து வருமுன் நோயாளியின் பெயரை ஒட்டும் பிளாஸ்திரியில் எழுதி, தோள்பட்டைகளுக்கு நடுவில் முதுகில் ஒட்டுவார்கள். அதை ஒட்டியது ஒரு செவிலியரின் கை.

அருள்_மருத்துவவரலாறு:

கதிரேசன் சார் சொன்ன படிவத்தில் ஒரு சேர்க்கை. முதல் சுற்றில் படிவம் வந்தபோது அது எதற்கு என்று பல நிலையங்களுக்குத் தெரியாது, ஏதோ திட்டமிடலுக்கான கணக்கெடுப்பு என்று நினைத்தார்கள். நன்றாக வேலை செய்கிற நோயாளிகளை எங்காவது கூலி வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, சில மருத்துவர்கள் அவர்களை வேலைக்கு லாயக்கற்றவர்கள் என்று எழுதினார்கள். காப்பாற்ற எழுதிய அந்த வரியே அவர்களைக் கொன்றது. ஒரு விவரம் எதற்குக் கேட்கப்படுகிறது என்று தெரியாமல் எழுதிக்கொடுப்பதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இனி உங்கள் நாலாவது கேள்வி. மாணவர்கள் மூன்று தப்பான எண்ணங்களோடு வருவார்கள். மூன்றையும் முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ‘அப்போது மருத்துவ நெறி என்று எதுவும் கிடையாது’. இருந்தது. 1930-ல் லூபெக் நகரில் பி.சி.ஜி. தடுப்பு மருந்தில் காசநோய்க் கிருமி கலந்துபோய், அதைக் குடித்த சுமார் 250 குழந்தைகளில் எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1931 பிப்ரவரியில் ஜெர்மன் உள்துறை அமைச்சகம் புதிய சிகிச்சைகளுக்கும் மனிதர்மேல் நடத்தும் சோதனைகளுக்கும் விரிவான விதிமுறை வெளியிட்டது. விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், குழந்தைக்குத் துளி ஆபத்து இருந்தாலும் சோதனை கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. ஹிட்லர் ஆட்சியின் காலம் முழுக்க அது ரத்து செய்யப்படவில்லை. அதைவிட முக்கியமானது, 1939-லிருந்து ஜெர்மன் மருத்துவ மாணவர்களுக்கு நெறிப்பாடம் கட்டாயமாக்கப்பட்டது. நாஜி அரசே வைத்த பாடம் அது. அதற்கு ருடால்ஃப் ராம் என்ற மருத்துவர் எழுதிய கையேடு 1942-ல் வந்தது. மருத்துவரின் கடமை தனி நோயாளிக்கு மட்டுமல்ல, ‘மக்கள் உடலுக்கு’ என்று அந்தப் பாடம் கற்றுக்கொடுத்தது. ஆக, நெறி வகுப்பு நடத்திவிட்டால் போதும் என்று நாம் இருக்க முடியாது, அந்த வகுப்பில் என்ன நெறி கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, ‘அது போலி அறிவியல், நாலைந்து கிறுக்கர்கள் செய்தது’. இனமேம்பாட்டியல், அதாவது ‘தகுதியற்றவர்கள்’ பிள்ளை பெறாமல் தடுத்து இனத்தை மேம்படுத்தலாம் என்ற கொள்கை, அன்றைக்குப் பல்கலைக்கழகத் துறை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலம் 1907-லேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டது. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பக் எதிர் பெல் வழக்கில் அத்தகைய சட்டம் செல்லும் என்றது. ஜெர்மனியில் 1933 ஜூலை 14-ல் சட்டம் வந்தது, 1934 ஜனவரி 1 முதல் அமல். மருத்துவர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். யாருக்குக் கருத்தடை என்று முடிவு செய்த ‘மரபு நல நீதிமன்றத்தில்’ ஒரு நீதிபதி, இரண்டு மருத்துவர்கள். சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். ஜெர்மன் மருத்துவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்கள், மற்ற படித்த தொழில்களைவிட அதிகம். யாரும் துப்பாக்கி காட்டிச் சேர்க்கவில்லை. யூத மருத்துவர்கள் வெளியேற்றப்பட்ட இடங்கள் காலியாகக் கிடந்தன, பதவி உயர்வு கிடைத்தது.

மூன்றாவது, நீங்கள் கேட்ட ‘மறுத்தால் உயிர் போகும்’. போருக்குப் பிந்தைய வழக்குகளில் இந்த வாதம் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டது. மறுத்ததற்காக ஒரு மருத்துவரோ செவிலியரோ கொல்லப்பட்டதாக ஒரு எடுத்துக்காட்டைக்கூடக் குற்றம் சாட்டப்பட்டவர்களால் காட்ட முடியவில்லை. இரண்டு பேரைச் சொல்லுங்கள். கோட்டிங்கன் மனநலப் பேராசிரியர் காட்ஃப்ரீட் எவால்டை 1940 ஆகஸ்டில் பெர்லினுக்கு அழைத்து நிபுணராகச் சேரச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பேராசிரியர் பதவியில் தொடர்ந்தார். பிராண்டன்பர்க்கில் காப்பாளர் வழக்குகளைப் பார்த்த நீதிபதி லோதார் க்ரைசிக் எழுத்துமூலம் எதிர்த்து, பூலர்மீது கொலைப் புகாரே கொடுத்தார். கட்டாய ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 1986 வரை வாழ்ந்தார்.

ஆனால் இந்தப் பதிலை அரைகுறையாகச் சொல்லாதீர்கள். கொலை நிலையங்களில் ரகசியக் காப்பு உறுதிமொழி வாங்கினார்கள், மீறினால் மரண தண்டனை என்று மிரட்டினார்கள். ஒரு இளம் செவிலியரின் பயம் பொய்யில்லை. பேராசிரியருக்கு இருந்த பாதுகாப்பு அவளுக்கு இல்லை. எவால்டின் மருத்துவமனையிலிருந்தும் நோயாளிகள் ஏற்றிச் செல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனி ஒருவர் விலகினார், பேருந்து நிற்கவில்லை. மாணவர்கள் இந்த முடிச்சில் கொஞ்ச நேரம் திணறட்டும், அவசரப்பட்டு அவிழ்த்துக் கொடுக்க வேண்டாம்.

தேன்மொழி_மனநலநர்சிங்:

இரண்டாவது வகுப்பை நர்ஸுகளுக்கே கொடுங்க மேடம். 1941 ஆகஸ்ட் 3-ல் மியூன்ஸ்டர் பிஷப் ஃபான் காலன் தேவாலயத்தில் வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். அந்த மாதமே வாயு அறைகள் நிறுத்தப்பட்டன. பல புத்தகங்கள் இதோடு முடித்துவிடும், அங்கே முடிப்பது பெரிய தப்பு. கொலை நிற்கவில்லை, வார்டுக்குள் வந்தது. மருந்தும் பட்டினியும்தான் கருவி, செய்தவர்களில் பெரும்பகுதி செவிலியர்கள். ஜெர்மனியிலும் அது கைப்பற்றிய நாடுகளிலும் சேர்த்துக் கொல்லப்பட்ட நோயாளிகள் 2 லட்சத்துக்கும் மேல்.

மருந்து விஷயம் நம் பிள்ளைகளுக்கு உடனே புரியும், ஏனென்றால் பார்மகாலஜி படித்திருக்கிறார்கள். லூமினால், அதாவது பீனோபார்பிட்டோன். வலிப்புக்கு நாம் கொடுக்கிற மாத்திரை. அதையே அளவுக்கு மேல், ஏற்கெனவே பட்டினியால் மெலிந்த உடம்புக்கு, நாள் கணக்கில் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தூக்கக் கலக்கம், மூச்சு ஆழமில்லாமல் போவது, இருமல் வராதது, சளி தேங்குவது, நிமோனியா. சான்றிதழில் ‘நிமோனியா’ என்று எழுதினால் பொய்யாகவும் தெரியாது. அதற்காகவே இந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மயங்கிக் கிடக்கும் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, மூச்சை எண்ணுவது, குறைந்தால் அடுத்த டோஸை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுவது என்று நாம் தினமும் சொல்லிக்கொடுக்கும் பராமரிப்பு அப்படியே தலைகீழாக்கப்பட்டது. டோஸ் அளவுகள் எதையும் வகுப்பில் கொடுக்க வேண்டாம், தேவையும் இல்லை.

பட்டினிக்கு காஃப்பாய்ரன் நிலையத்தை எடுங்கள். பவேரியாவில் இருக்கிறது. இயக்குநர் வாலன்டின் ஃபால்ட்ல்ஹவுசர். வேலை செய்ய முடியாத நோயாளிகளுக்குத் தண்ணீரில் வேகவைத்த காய்கறி மட்டும், கொழுப்பே இல்லாமல். 1942 நவம்பரில் பவேரிய உள்துறை இந்த முறையை மற்ற நிலையங்களுக்கும் பரப்பியது. அதன் கிளையான இர்சேயில் எர்ன்ஸ்ட் லோசா என்று ஒரு 14 வயதுப் பையன் இருந்தான். நாடோடி யெனிஷ் சமூகத்துப் பிள்ளை. மனநோய் எதுவும் இல்லை, ‘சமூகத்துக்கு ஒவ்வாதவன்’ என்று எழுதி அனுப்பப்பட்டவன். ஸ்டோர் ரூமில் உணவை எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தான். 1944 ஆகஸ்ட் 9-ல் மார்ஃபின்-ஸ்கோபாலமின் ஊசி போட்டுக் கொன்றார்கள். அந்த வார்டில் செவிலியத்தின் கடமையைச் செய்தவன் அவன் ஒருவன்தான் என்று நான் வகுப்பில் சொல்வேன். நீங்களும் சொல்லலாம்.

அதே நிலையத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று 1945 மே 29-ல் கொல்லப்பட்டது. ஜெர்மனி சரணடைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அமெரிக்கப் படை அந்த ஊரில் இருந்தது. ஹிட்லர் உயிரோடு இல்லை, உத்தரவு போட யாரும் இல்லை. ‘உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள்’ என்ற வாதத்துக்கு இந்த ஒரு தேதி போதும்.

பிரசவ வார்டு போஸ்டிங் முடித்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 1939 ஆகஸ்ட் 18-ஆம் தேதிச் சுற்றறிக்கைப்படி, பிறவிக் குறையுள்ள, புதிதாகப் பிறந்த குழந்தைகளையும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் பற்றி மருத்துவரும் மருத்துவச்சியும் தகவல் அனுப்ப வேண்டும். ஒரு தகவலுக்கு மருத்துவச்சிக்கு 2 ரைக்ஸ்மார்க். குறைந்தது 5,000 குழந்தைகள் இப்படிக் கொல்லப்பட்டார்கள்.

தண்டனை விஷயத்தில் மாணவர்கள் நியாயம் எதிர்பார்ப்பார்கள். ஹாடமார் தலைமைச் செவிலியர் இர்ம்கார்ட் ஹூபருக்கு 1945 அக்டோபரில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் 25 வருடம் கொடுத்தது, அதில் பாதிகூட அவர் உள்ளே இருக்கவில்லை. மெசரிட்ஸ்-ஒப்ரவால்டே நிலையத்தில் மருந்து கலந்து கொடுத்த, நோயாளியைத் தாங்கிப் பிடித்த 14 செவிலியர்கள் 1965-ல் மியூனிக் நீதிமன்றத்தில் நின்றார்கள். பதினான்கு பேரும் விடுதலை.

படம் பற்றிக் கேட்டீர்கள். மெலிந்த நிர்வாண உடல்கள், சோதனைக்கு உள்ளானவர்கள், எதுவும் வேண்டாம். அந்தப் படங்களைப் பெரும்பாலும் கொலைகாரர்கள்தான் எடுத்தார்கள். படத்தில் இருப்பவரை யாரும் கேட்கவில்லை. நோயாளியின் சம்மதம் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டே சம்மதமில்லாத படத்தைத் திரையில் போடுவது சரியில்லை. கற்பிக்கும் பலனும் குறைவு, பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி மட்டும் நிற்கும், படிவம் மறந்துபோகும். சாம்பல் நிறப் பேருந்து, கட்டடம், கடிதம், கொலைக்கு முன் வீட்டில் எடுத்த குடும்பப் படம் ஆகியவற்றைக் காட்டுங்கள்.

இன்னும் ஒன்று, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 60 பேரில் சிலர் வீட்டில் வலிப்பு உள்ள தம்பி இருப்பான், அறிவுவளர்ச்சிக் குறையுள்ள அக்கா இருப்பார். மாணவரில் ஒருவரே மனநல மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். முந்தின நாளே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வெளியே போக வேண்டும் என்றால் காரணம் கேட்கக் கூடாது, வருகைப் பதிவிலும் கை வைக்கக் கூடாது. வகுப்பு முடிந்து அரைமணி நேரம் நீங்கள் அங்கேயே இருங்கள். சொற்களிலும் கவனம் வேண்டும். நாஜிச் சட்டத்தின் வார்த்தைகளைத் தமிழில் சொல்லும்போது ‘பைத்தியம்’, ‘மந்தபுத்தி’ என்று நம் வாயிலிருந்து இயல்பாக வந்துவிடும். ‘அந்தச் சட்டம் பயன்படுத்திய சொல்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே நம் சொல்லுக்குத் திரும்பிவிடுங்கள்.

மலர்விழி_டியூட்டர்:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. படிவத்தை நாளைக்கே தமிழில் எழுத உட்காருகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ‘ஹிட்லர் கண்டிப்பான தலைவர், நாட்டை முன்னேற்றினார்’ என்று மனசாரச் சொல்கிற மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களை எப்படிக் கையாள்வது? அடுத்து, ‘இது ஐரோப்பியர் விஷயம், நமக்கென்ன’ என்ற எண்ணம். நம் நாட்டு நிகழ்வைச் சேர்த்தால் ஒப்பீடு தப்பாகப் போய்விடுமோ என்றும் தோன்றுகிறது.

சங்கர்_சமூகமருத்துவம்:

ஹிட்லர் கேள்விக்கு வகுப்பிலேயே சண்டை போடாதீர்கள் மேடம். அந்த மாணவர் பெரும்பாலும் மேற்கோள் போஸ்டரிலிருந்து கற்றவர், எல்லார் முன்னாலும் அவமானப்பட்டால் அந்தக் கருத்தில்தான் ஊன்றி நிற்பார். படிவத்தையே அவரிடம் நீட்டுங்கள். ‘இதில் வலிப்பு என்று எழுதியிருக்கிறது, ஐந்து வருடத்துக்கு மேல் நிலையத்தில் இருக்கிறார், ஜெர்மன் வம்சம் இல்லை. நாளைக்கு உங்கள் வார்டில் இவர் படுத்திருந்தால்?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த ஆட்சியின் அளவுகோலில் நாம் எல்லோரும் எந்தக் கட்டத்தில் விழுவோம் என்பது அவருக்கே தெரியும். கொலை செய்தது ஏனைய நாட்டாரை மட்டுமல்ல, சொந்த நாட்டு நோயாளிகளையும்தான் என்பதும் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

நம் நாட்டு நிகழ்வைச் சேர்க்கலாம், சமம் என்று சொல்லக் கூடாது. அவசரநிலைக் காலத்தில் நடந்தது இன அழிப்பு இல்லை. பொருத்திப் பார்க்க வேண்டியது ஒரே ஒரு இயக்கத்தை, அதாவது மேலிருந்து வரும் எண்ணிக்கை இலக்கு வார்டில் என்ன செய்கிறது என்பதை. 1976-77 ஒரே ஆண்டில் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 26 லட்சம். ஆசிரியர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள், ஆள் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். கருத்தடையோடு தொடர்புடைய 1,774 இறப்புகளை, அவசரநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்தது. அதிகாரி இலக்கு போட்டார், சரி. கத்தியைப் பிடித்தது யார், சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்கியது யார், மூன்று நாள் ஓய்வு வேண்டியவரை அன்றைக்கே எழுப்பி அனுப்பியது யார் என்று கேட்டால் நம் தொழில் வந்துவிடும்.

‘அது பழைய கதை’ என்பார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே பயன்பாட்டில் இல்லாத ஒரு கட்டடத்தில் ஒரு கருத்தடை முகாம் நடந்தது. ஒரு குழு நாளைக்கு 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்பது அரசு விதி. அன்று சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 83-ஐ மணி நேரத்தால் வகுக்கச் சொல்லுங்கள். ஃபான்முல்லர் கணக்கை முதல் வகுப்பில் போட்டவர்களுக்குக் கை தானாகப் போகும். முன்தயாரிப்பு, ஸ்டெரிலைசேஷன், கண்காணிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச நேரம் எவ்வளவு என்று அவர்களையே எழுதவைத்து, 83-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குள் எந்த வேலையெல்லாம் நடந்திருக்கவே முடியாது என்று பட்டியல் வரும். 2016-ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் முகாம் முறையையே மூன்று ஆண்டுக்குள் கைவிட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

இதற்கு 25 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் வகுப்பு கட்சி அரசியல் பேச ஆரம்பித்துவிடும், செவிலியரின் பங்கு காணாமல் போய்விடும்.

கல்லூரியில் யாராவது ‘சிலபஸில் இல்லையே’ என்றால், 2023 நவம்பரில் வெளியான, ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் அறிக்கையைக் காட்டுங்கள். மருத்துவம், நாஜிசம், யூத இன அழிப்பு பற்றிய பாடம் எல்லா நலத்துறை மாணவர்களுக்கும் இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது.

கதிரேசன்_செவிலியக்கல்வி:

தேர்வு பற்றி யாரும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘நூரம்பர்க் நெறிமுறையின் பத்து அம்சங்களை எழுதுக’ என்று கேட்டால் பழைய இடத்துக்கே போய்விடுவோம். அந்த நெறிமுறைகூட ஒரு வழக்கின் தீர்ப்பில் வந்தது என்பது மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். 1946 டிசம்பரில் தொடங்கி 1947 ஆகஸ்டில் முடிந்த அந்த வழக்கில் 23 பேரில் 20 பேர் மருத்துவர்கள். ஏழு பேருக்குத் தூக்கு, அவர்களில் ஒருவர் நாம் முதலில் பார்த்த அதே கார்ல் பிராண்ட். தீர்ப்பு வந்த பிறகும் அமெரிக்காவின் டஸ்கீகி ஊரில் சிபிலிஸ் வந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமலே பின்தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1932-ல் தொடங்கி 1972 வரை அது ஓடியது. அந்த ஆண்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து அழைத்து வந்தது யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர், அவரும் கறுப்பினப் பெண். அவர்கள்மேல் அவருக்கு அன்பும் இருந்தது. நேரம் இருந்தால் இதை வீட்டு வாசிப்பாகக் கொடுங்கள், வகுப்பில் திணிக்க வேண்டாம்.

கேள்வியை இப்படி வைக்கலாம்: ‘உங்கள் வார்டில் நீண்டநாள் தங்கியிருக்கும் நோயாளிகளின் பட்டியல் கேட்டு ஒரு படிவம் வருகிறது. பார்க்க வருபவர் உண்டா, மாதச் செலவு எவ்வளவு, வேலை செய்வாரா என்று அதில் கேட்டிருக்கிறது. கையெழுத்துக்கு முன் நீங்கள் செய்வது என்ன?’ பத்து மதிப்பெண். டி4 சங்கிலியின் விவரங்களைச் சரியாகக் காட்டினால் 4, சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாத விவரத்தை அடையாளம் கண்டால் 3, யாரிடம் என்ன கேட்பேன், எதில் எழுதி வைப்பேன் என்று திட்டமாகச் சொன்னால் 3. ‘மனசாட்சிப்படி நடப்பேன்’ என்று மட்டும் எழுதினால் அந்த மூன்றில் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். ‘சார்ஜ் சிஸ்டரிடம் படிவத்தின் நோக்கத்தை எழுத்தில் கேட்பேன், பதில் வரும்வரை நிரப்பமாட்டேன், கேட்ட தேதியை வார்டு டைரியில் குறிப்பேன்’ என்று எழுதினால் மூன்றும் கொடுங்கள்.

மேடம், படிவத்தை ஏ4 தாளில் ஒரே பக்கமாக அச்சடியுங்கள். இரண்டு பக்கம் ஆக்கினால் பெட்டி பின்பக்கம் போய்விடும். அது முன்பக்கத்திலேயே, படிக்கும்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் 60 தாளையும் எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளாக இருந்தாலும் அது விடுதியில் சுற்றக் கூடாது.